ஒரு கண் இறங்கிய புலி

எனக்குப் பிடித்த ஓவியர் யார் என்று ஆயுத பூசை அன்று பட்டறையில் வைத்துக் கேட்டீர்கள். நான் பொரியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். பொரி நன்றாக இருந்தது என்பது ஒரு காரணம். பதில் சொன்னால் பயந்துபோவீர்கள் என்பது இன்னொன்று. வண்டிகளுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில், மலைப்பாதையில் நடந்ததை எடுத்துப் பேசக் கூடாது.

இப்போது பேசலாம். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் வாயில் வருகிற நல்ல நல்ல வசவுகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, மரியாதையான தமிழில் எழுதுவாள். எங்கே சப்பென்று இருக்கிறதோ, அங்கே ஒரு வசவு இருந்தது என்று நீங்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு உங்களுக்குப் பிடித்ததை எல்லாம் ஆளுக்கு ஆள் சொன்னீர்கள். ஸ்டிக்கர் வெட்டுகிற ஜெயந்தி, யாரோ வெளிநாட்டுக்காரன் தரையில் வரைந்த பள்ளத்தைச் செல்போனில் காட்டினாள். நிஜப் பள்ளம் என்று நினைத்து ஒருவர் காலைத் தூக்கித் தாண்டுகிறார். எல்லோரும் கை தட்டினீர்கள்.

"அப்படியே உசுரா இருக்குல்ல பாட்டி?" என்றாள் ஜெயந்தி.

நான் இன்னொரு கை பொரியை அள்ளினேன். உயிரோடு இருப்பதுபோல வரைவது பெரிய வித்தைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாம் வரைவது வண்டியில். அந்த வண்டி ஏறுவது மலையில். மலையில் ஒரு படத்துக்கு உயிர் வந்தால், ஏற்கெனவே உயிரோடு இருப்பவர்கள் பாடு என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மூன்று பேரைப் பிடிக்கும்.

ஒருத்தி ராசிங்காபுரத்துக்காரி. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் அடிப்பவள். நமக்கு வண்டி அசையாமல் நிற்கும். அவள் வர்ணம் அடிக்கிற சாமானுக்கு நாலு காலும், முட்டுகிற தலையும் உண்டு. கொம்பின் அடியில் பிரஷை வைத்தால் நுனியில்தான் எடுப்பாள். ஒரே இழுப்பு. அடியில் தடித்து நுனியில் மெலிந்து, அடுப்பில் எழும்புகிற தீ மாதிரி அந்தச் சிவப்பு நிற்கும்.

"ரெண்டாந்தடவ ஒரு இழுப்பு இழுத்தா இன்னும் எடுப்பா இருக்குமே," என்று ஒருமுறை அவளிடம் சொன்னேன்.

"நீ வந்து இழுத்துப் பாருக்கா. கொடலு வெளிய வந்துரும்," என்றாள்.

அவளுக்கு அந்தப் பாணியைப் பழக்கிவிட்டது பயம்தான். பயத்தில் பழகிய கைக்கு ஒரு சுத்தம் உண்டு.

இன்னொருவர் மேலே பூப்பாறைப் பக்கம், ஒரு எஸ்டேட்டில் மாதா கோவில் சுவரில் படம் வரைந்த மலையாளத்துக்காரர். அவருக்குச் சுவர் சுரண்டிக் கொடுக்கிற சோலிக்கு நான் போயிருந்தேன். ஓடை வரையச் சொன்னால் இரண்டு பக்கமும் பாறையை மட்டும் வரைவார். நடுவில் வெறும் சுவரை அப்படியே விட்டுவிடுவார். தள்ளி நின்று பார்த்தால் அந்த வெறும் சுவரில் தண்ணீர் ஓடும். நான் ஆசை தாங்காமல் நீல டப்பாவைத் திறந்துகொண்டு போனால், கையை நீட்டித் தடுப்பார்.

"மதி சேச்சி, மதி," என்பார். போதும் என்று அர்த்தம்.

போதும் என்று நிறுத்தத் தெரிந்த ஆளை நம் ஊரில் பட்டறையிலும் நான் பார்த்ததில்லை, பந்தியிலும் பார்த்ததில்லை.

மூன்றாவது ஆள்தான் எனக்கு எல்லோரையும்விடப் பிடித்தவர். பெயர் சொல்ல மாட்டேன். புலிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பட்டறையில்தான் நான் உப்புத்தாள் போட்டுத் தகடு தேய்க்கிற வேலைக்குச் சேர்ந்தேன். எழுத்து எழுதப் பழகியதும் அங்கேதான். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் 'ஹாரன் அடிக்கவும்' என்பதை அச்சுமாதிரி எழுதுவேன். ரொம்ப நாள் அது ஏதோ ஒரு சாமி பெயர் என்றே நினைத்திருந்தேன். எல்லா வண்டியிலும் எழுதச் சொல்கிறார்களே, பெரிய சாமியாகத்தான் இருக்கும் என்று எழுதி முடித்ததும் கையெடுத்துக் கும்பிடுவேன். புலிக்காரர் சிரிக்கவும் மாட்டார், திருத்தவும் மாட்டார்.

அவர் வரைவது புலி முகம் மட்டும்தான். உடம்பு கிடையாது, காடு கிடையாது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பின் பின்கதவுத் தகடு முழுக்க ஒரே முகம். பிரஷைப் பழந்துணியில் துடைத்துத் துடைத்துக் காய்ந்த நுனியால் மயிர் மயிராக இழுப்பார். வாயைத் திறந்து பல்லைக் காட்டுகிற புலி அவருக்குப் பிடிக்காது. "கொட்டாவி விடுற புலிக்கு எவன் பயப்படுவான்?" என்பார். கண்ணுக்கு மட்டும் பெயிண்டு கிடையாது. ரேடியம் ஸ்டிக்கரை வட்டமாக வெட்டி ஒட்டி, நடுவில் கறுப்பு வைப்பார். வெளிச்சம் பட்டால் கண் இரண்டும் எரியும்.

அதில் ஒரு கோளாறு உண்டு. முதல் கண்ணை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவார். இரண்டாவது கண்ணுக்கு வருவதற்குள் எதிர்க்கடையில் வடை போடுகிற வாசம் வந்துவிடும். அதனால் அவர் வரைந்த எந்தப் புலிக்கும், நாம் பார்க்கிறபோது வலது பக்கம் இருக்கிற கண் ஒரு விரல் கீழே இறங்கியே இருக்கும்.

"அண்ணே, ஒங்க புலிக்கு ஒரு பக்கம் வாதம் அடிச்சிருக்கு," என்பேன்.

"பாயப் போற புலி அப்படித்தான் பாக்கும். நீ பாத்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. பக்கத்து ஊரான தேவாரத்தில் யானை இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டாலே, இங்கே போடியில் கதவைச் சாத்திக்கொள்கிற ஆள் அவர். ஆனால் டிரைவர்களுக்கு அந்தப் புலி என்றால் உயிர். ஸ்டாண்டில் வரிசையாக ஜீப்பு நின்றால், எது அவர் கை என்று நான் நடந்துகொண்டே சொல்லிவிடுவேன். நீங்கள் போனில் பார்த்து இது இன்னார் பாணி என்று சொல்வீர்களே, அதுமாதிரி.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த சமயம். மேலே ஒரு ஏலக்காய் ஸ்டோருக்குப் பெயர் எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏலப்பழம் எடுக்கப் போகிற பெண்களின் ஜீப்பிலேயே நானும் தொற்றிக்கொண்டேன். ஓட்டியவன் சின்னராசு. புதுமாப்பிள்ளை. வாய் ஓயாத பயல். அவன் பக்கத்து சீட்டில் நான், என் மடியில் மஞ்சள் பெயிண்டு டப்பா. பின்னால் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவள் பேச்சியம்மா, எங்கள் தெருக்காரி.

"ஆத்தா, டப்பா மூடி டைட்டா இருக்கா? கொட்டிராத," என்றான் சின்னராசு.

"மூடி டைட்டுதான் அப்பு. ஒன் வாயிதான் லூசு. ரோட்டப் பாரு."

"அவள முன்னாடி ஒக்கார வச்சதுக்குப் பதிலா ஏலக்கா மூட்டைய வச்சிருக்கலாம் மாப்ளே," என்று பின்னாலிருந்து பேச்சியம்மா குரல் வந்தது. "இடுப்பு எடத்த அடைக்கிறதும் கொறையும், வாயும் பேசாது."

சிரித்துக்கொண்டேதான் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டினோம். வளைவு ஏற ஏற மூடுபனி இறங்கியது. முதலில் மரத்தை மறைத்தது, பிறகு பள்ளத்தை, பிறகு ரோட்டை. விடிந்தும் விடியாத நேரம். ஹெட்லைட்டைப் போட்டால் எதிரே வெள்ளைச் சீலை கட்டியதுபோல் இருந்தது. பின்னால் பெண்கள் பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் சின்னராசுவும் வாயை மூடிக்கொண்டான். எனக்கு அங்கேதான் முதல் பயம் வந்தது. அவன் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை.

மேலே ஓர் இடத்தில் மழை இடது ஓரத்தை அரித்துத் தின்றிருந்தது. அந்தப் பக்கம்தான் பள்ளம். தடுப்புச் சுவர் போன இடத்தில் மணல் மூட்டைகளை அடுக்கிச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஏறுகிற வண்டி எல்லாம் அந்த இடத்தில் பயந்துகொண்டு வலது பக்கம், மலையை ஒட்டியே போகும். எதிரே யாரும் இறங்கிவிடக் கூடாதே என்று ஹாரனை அழுத்திக்கொண்டே போகும். சின்னராசுவும் அப்படித்தான் போனான்.

எதிரே இரண்டு வெளிச்சம் தெரிந்தது.

"வண்டி எறங்குது," என்றான்.

ஹாரன் அடித்தான். பதில் ஹாரன் வரவில்லை. மறுபடியும் அடித்தான். அந்த வெளிச்சம் நிற்கவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. பெரிதாகிக்கொண்டே வந்தது.

"லாரி ஆத்தா. லோடு லாரி. எறக்கத்துல அவனால நிப்பாட்ட முடியாது, நாமதான் ஒதுங்கணும்," என்று ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தான்.

சக்கரத்தின் சத்தம் மாறியது. தாரில் ஓடுகிற சத்தம் போய், நறநறவென்று மண் சத்தம். வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது. பின்னாலிருந்து பெண்கள் அலறினார்கள்.

"ஏய் ஓரம்! சின்னராசு, ஓரம்டா!"

"தெரியுது, சும்மா இருங்க! வேற எங்க போறது?"

நான் என் பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஒன்றும் இல்லை. அந்த இரண்டு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்க வெளிச்சம் ஒரு விரல் கீழே இறங்கி இருந்தது.

பயத்தில் கண் பிசகுகிறது என்று முதலில் நினைத்தேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் இறங்கித்தான் இருந்தது. எனக்கு வடை வாசம் அடித்தது, சத்தியமாக.

"நகத்தாத. அப்படியே நிப்பாட்டு," என்றேன்.

"நின்னா அடிச்சுத் தூக்கிட்டுப் போயிருவான் ஆத்தா!"

"அது லாரி இல்லடா. புலி!"

"அய்யோ, புலியாம்டி!" என்று பின்னால் ஒருத்தி கூவினாள். அவ்வளவுதான், ஜீப்பே கதறியது.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். என்னால் அன்றைக்கு நிற்க முடியவில்லை, நீங்களாவது நில்லுங்கள். அது அவர் கை என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆனால் தோன்றுவது வேறு, தெரிவது வேறு. லோடு ஏற்றிய லாரி வளைவில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இறங்கும். அப்போதும் ஒரு விளக்கு கீழே இறங்கித்தான் தெரியும். நான் சொல்வதைக் கேட்டு இவன் நடுரோட்டில் நிற்க, அது லாரியாகவே இருந்துவிட்டால்? பின்னால் இருப்பவர்களுக்கெல்லாம் வீட்டில் பிள்ளைகள் இருந்தன. பேச்சியம்மா மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு ஓவியரை எனக்கு எவ்வளவு பிடிக்கும், அவர் கையை எவ்வளவு தெரியும் என்பதற்கு இத்தனை பேர் உயிரைப் பந்தயம் வைக்கலாமா? வைக்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த மணல் மூட்டை எத்தனை நொடி தாங்கும்?

"லைட்ட அமத்து," என்றேன்.

"என்னது?"

"லைட்ட அமத்துடா!"

"ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

வண்டி விளக்காக இருந்தால், நாம் நம் விளக்கை அணைத்தாலும் அது எரியும். ஸ்டிக்கராக இருந்தால், நம் விளக்கோடு சேர்ந்து செத்துப்போகும். இதை அவனுக்கு விளக்கிச் சொல்ல நேரம் இல்லை. பழைய ஜீப்பில் லைட் குமிழ் டிரைவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில்தான் இருக்கும். கையை நீட்டி நானே அமுக்கினேன்.

எல்லாம் சாம்பல் நிறமாகப் போனது. ரோடு இல்லை, மலை இல்லை, ஓரம் இல்லை.

வெளிச்சமும் இல்லை. இரண்டும் சேர்ந்து செத்திருந்தன.

"பிரேக்கு!" என்று கத்தினேன். அவன் அதற்கு முன்பே மிதித்துவிட்டான். புரிந்து மிதித்தானா, பயத்தில் மிதித்தானா என்று இன்றுவரை அவனுக்கும் தெரியாது. வண்டி இழுத்துக்கொண்டே போய் நின்றது. டப்பாவின் மூடி தெறித்தது. மஞ்சள் பெயிண்டு என் மார்பிலிருந்து கால்வரை ஊற்றியது. என்ஜின் அணைந்தது. அந்த அமைதியில், எதிரே பனிக்குள்ளிருந்து ஓர் ஆள் இருமினார்.

"யாருப்பா அது, லைட்டு இல்லாம வர்றது?"

சின்னராசு குமிழை இழுத்தான். கண்ணாடிக்கு முன்னால் புலி. ஒரு கண் இறங்கிய புலி. கையை நீட்டினால் மீசையைப் பிடிக்கலாம். பேட்டரி ஒயர் கழன்று நின்றுபோன ஜீப்பு அது. பின்னால் சிவப்பு விளக்கும் எரியவில்லை. அதில் வந்த பெண்கள் மலைப்பக்கம் ஒட்டி நின்று குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அது நகரவே இல்லை. நாங்கள் நெருங்க நெருங்க அதன் கண் பெரிதானது, அவ்வளவுதான்.

சின்னராசு இறங்கிப் போய் அந்த டிரைவரின் சட்டையைப் பிடித்தான்.

"பின்னாடி ஒரு கொப்பு ஒடிச்சுப் போட மாட்டியா? ஒரு கல்லு வைக்க மாட்டியா?"

"வைக்கலாம்னுதாண்ணே இருந்தேன். புலி இருக்கே, தூரத்துலயே பளிச்சுன்னு தெரியுமேன்னு..." என்று இழுத்தான் அவன்.

சின்னராசு சட்டையை விட்டுவிட்டு ரோட்டில் உட்கார்ந்து அழுதான். நான் டிரைவர் பக்கமாக இறங்கினேன். என் பக்கம் இறங்க இடம் இல்லை. முன்சக்கரம் ஏறி ஒரு மூட்டை கிழிந்திருந்தது. மணல் வழிந்துகொண்டிருக்கிற சத்தம் கேட்டது. அது கீழே போய் விழுகிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்தேன். கேட்கவே இல்லை. மெல்ல மலைப்பக்கம் நகர்ந்து பாறையில் முதுகை ஒட்டி நின்றேன்.

பேச்சியம்மா பின்னாலிருந்து இறங்கி வந்து, தலைமுதல் கால்வரை மஞ்சளாக நின்ற என்னைப் பார்த்தாள். சட்டென்று கையைக் குவித்தாள்.

"ஆத்தா மாரி! நீதான் எறங்கி வந்து நிப்பாட்டுன!"

"மாரியும் இல்ல பூரியும் இல்ல. எனாமல் பெயிண்டு. தொடாத, ஒட்டிக்கிரும்," என்றேன்.

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறி, என் தோளில் முகத்தை வைத்தாள். அவள் கன்னத்திலும் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஜீப்புக்காரர்கள் டீக்கடையில் பேசுகிற கதை. நம் தொழில்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இனிமேல்தான்.

போடிக்கு இறங்கியதும் நேராகப் புலிக்காரரிடம் போனேன். பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டேன், உள்ளே போகப் பயமாக இருந்தது. பிடிக்காத ஆள் படத்தைக் குறை சொல்வது சுலபம். மனதார ரசிக்கிற ஆளிடம் போய், அவர் வரைந்ததிலேயே உயிரான இடத்தைக் காட்டி, இது ஆளைக் கொல்லும் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் பிரஷைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"படத்தப் பாத்து ஒதுங்குறவனுக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு அர்த்தம். இதுக்கு நான் என்ன பண்ண?"

"அண்ணே, அந்தக் கண்ண மட்டும் எடுத்துருங்க."

"கண்ண எடுத்தா அப்புறம் அது பூன. நீ சொல்ற மாதிரி நெசமாவே அது மஞ்சு மூட்டத்துல எந்திரிச்சு வந்துச்சுன்னா, நீ என்னையப் புகழணும். கொற சொல்ற."

"புகழத்தான் வந்தேன். வாங்க, ஒங்களுக்கும் காட்டுறேன்."

அவர் அத்தனை வருடம் மலைக்குப் போகிற வண்டிகளுக்கு வரைந்தார். ஆனால் விடியலில், பனியில், மலை ஏறியதே இல்லை. அவர் புலியைப் பார்த்ததெல்லாம் பட்டறை வாசலில், பட்டப்பகலில், வடையைக் கடித்துக்கொண்டு. படம் எங்கே பிழைக்கப் போகிறதோ அந்த இடத்துக்குப் படம் வரைந்தவன் போனதில்லை.

சின்னராசு முதலில் வர மாட்டேன் என்றான். அந்தக் காலைக்குப் பிறகு அவன் போடிமெட்டு மலை ஏறவே இல்லை. மனைவி சாவியை ஒளித்து வைத்திருந்தாள். "நானும் கூட வர்றேன் தாயி, அனுப்பி வை," என்று நானே போய் அவளிடம் பேசினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க இல்லாம அனுப்ப மாட்டேன்," என்று சாவியைக் கொடுத்தாள். புலி ஜீப்பை முன்னால் அனுப்பி, ரோடு அகலமாக இருக்கிற பத்திரமான இடத்தில் மலையோரம் நிறுத்தச் சொன்னோம். பின்விளக்கை அணைத்துவிட்டு, கல்லும் கொப்பும் போட்டு, டார்ச்சோடு ஆட்களும் நின்றார்கள். எங்கள் வண்டியில் முன் சீட்டில் புலிக்காரர். நான் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டேன்.

பனிக்குள் கண் இரண்டும் திறந்தன.

"ஆகா!" என்றார் புலிக்காரர். குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "என்னா எடுப்பு பாத்தியா! நான் வச்ச கண்ணுதானா இது?"

வண்டி மெதுவாக ஏறியது. கண் பெரிதானது. அவர் கை சீட்டுக் கம்பியைத் தேடிப் பிடித்தது. இன்னும் பெரிதானது. அவர் உடம்பு இடது பக்கம் ஒதுங்கியது.

"மெதுவா... சின்னராசு, மெதுவாப் போ."

"மெதுவாத்தாண்ணே போறேன்."

"வருதுடா! தள்ளு, ஓரமாத் தள்ளு! தள்ளுடா!" என்று ஸ்டீயரிங்கில் கை வைத்துவிட்டார்.

சின்னராசு அவர் கையை மெல்ல எடுத்துவிட்டு வண்டியை நிறுத்தினான்.

"ஒங்க புலிதாண்ணே," என்றான்.

அவர் ரொம்ப நேரம் இறங்கவில்லை. அவர் மூச்சு கண்ணாடியில் பட்டுப் பட்டு மறைந்தது. பிறகு இறங்கிப் போய்ப் புலிக்கு முன்னால் குந்தினார். கட்டைவிரல் நகத்தால், கீழே இறங்கிய கண்ணின் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.

அந்த ஜீப்பின் டிரைவர் ஓடிவந்தான். "அண்ணே, அண்ணே! கண்ணு இல்லாத புலிய எவன் பாப்பான்?"

"எவனும் பாக்க வேணாம்," என்றார்.

அதன்பிறகு ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் போனோம். அவர் ஸ்டிக்கரை உரித்துவிட்டு, அந்த இடத்தில் மினுங்காத பெயிண்டில் கண் வரைந்து கொடுத்தார். சில டிரைவர்கள் சரி என்றார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள். சண்டை போட்டவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் சுரண்ட, நான் டீக்கடையில் நின்று அவர்களுக்குக் கதை சொல்லிப் பிடித்து வைத்தேன். ஒருமுறை கதை சீக்கிரம் தீர்ந்துவிட்டது, அவர் அடி வாங்கினார். அடி வாங்கிக்கொண்டே இரண்டாவது கண்ணையும் உரித்துவிட்டுத்தான் ஓடினார்.

உங்கள் பட்டறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, மெஷின் இருக்கிறது. நீங்கள் ஒட்டுகிற கண் இரண்டும் நூல் பிடித்தமாதிரி சமமாக நிற்கும். எனக்கு அதுதான் கூடுதல் பயம். ஒரு கண் இறங்கியிருந்ததால் நான் சந்தேகப்பட்டேன். இரண்டும் சமமாக இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? அதனால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். மின்னுகிற எதையும் வண்டியில் ஜோடியாக ஒட்டாதீர்கள். கண்ணோ, பூவோ, மயிலோ, எதுவாக இருந்தாலும் சரி. பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு எதுவும் மின்ன வேண்டாம். ஒட்டி முடித்த வண்டியை ஒருமுறை இருட்டில் நிறுத்தி, தூரத்திலிருந்து விளக்கு அடித்துப் பாருங்கள். உங்களுக்கு அது என்னவாகத் தெரிகிறது என்று கேட்காதீர்கள், அது படம் என்று உங்களுக்குத் தெரியும். வழியில் போகிற யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

எல்லாப் புலியையும் நாங்கள் பிடித்துவிடவில்லை. ஒரு ஜீப்பு எங்களுக்கு முன்பே கைமாறி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றுவிட்டார், அவர் யாருக்கு விற்றார் என்று தெரியவில்லை. வாட்சப்பில் போட்டுப் பார்த்தோம். ஊர்ப்பட்ட ஆட்கள் காட்டுப் புலி படத்தையும், காலை வணக்கத்தையும் அனுப்பினார்கள். அந்த ஜீப்பு மட்டும் வரவில்லை.

புலிக்காரர் இப்போது வரைவதில்லை. சந்தையில் என்னைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். "கெடச்சுச்சா?" என்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். உடனே திரும்பி மலையைப் பார்ப்பார். மேலே மூட்டம் இருந்தால், வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்.

அதனால்தான் எனக்குப் பிடித்த ஓவியரின் கையை உங்களுக்கு இவ்வளவு விவரமாகச் சொன்னேன். பின்கதவு முழுக்க முகம், மூடிய வாய், காய்ந்த பிரஷில் இழுத்த மயிர், வலது பக்கக் கண் ஒரு விரல் கீழே. அப்படி ஒரு பழைய ஜீப்பு உங்கள் பட்டறைக்கு வந்தால், வந்த வேலை எதுவானாலும் இருக்கட்டும், முதலில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு கண்ணையும் உரித்துவிடுங்கள். வண்டிக்காரர் கத்தினால் கத்தட்டும். உரித்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கள், எந்நேரமானாலும் சரி. நான் அவர் வீட்டுக்கு ஓட வேண்டும்.

இதை எழுதச் சொல்லிவிட்டு இப்போதுதான் வெளியே போய்ப் பார்த்தேன். ஜீப்புகள் ஏற ஆரம்பிக்கிற நேரம். போடிமெட்டுப் பக்கம் மலை தெரியவில்லை. வெள்ளையாக இருக்கிறது.